இடக்கண்

புந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
காற்றில்லாத நாளிலும் நான் கைநீட்டித்தான் நடப்பேன்.
படி எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று
ஒற்றைக் கண் சரியாகச் சொல்லாது.

பெயர் யஸ்னா.
குரோவாஷியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் மொழியில்
தெளிவு என்று பொருள்.
பிறக்கும்போதே இடக்கண்ணில் புரை.
பதினோராம் வயதில் சாந்தியாகோவில் எடுத்தார்கள்.
கட்டை அவிழ்த்தபோது வார்டே காத்திருந்தது,
நான் எதையாவது கத்திச் சொல்வேன் என்று.
வெளிச்சம் இருந்தது. வெள்ளையாய் ஏதோ அசைந்தது.
கையா, ஜன்னல் திரையா?
கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கண் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.
இன்றும் சரியாகத்தான் இருக்கிறது.
துடைத்து வைத்த ஜன்னல்,
உள்ளே ஆளில்லாத வீடு.

மிலேன்கா பிறந்தாள்.
அதே கண். அதே வெள்ளை.

டாக்டர் ஓயார்சுன் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவர்.
பென்சிலால் ஒரு தலை வரைந்தார்,
அதற்குள் ஒரு மேய்ச்சல் நிலம்.
"இரண்டு கண்ணுக்கும் இங்கே இடம் உண்டு.
பட்டா மட்டும் கிடையாது.
வந்து மேய்ப்பவருக்கே நிலம்.
ஒரு கண் வராவிட்டால்
மற்றது இரவோடு இரவாக வேலியை நகர்த்தும்.
அப்புறம் நீங்கள் கண்ணைத் திறந்துவிட்டு என்ன பயன்?
ஆடு வரும். புல் இருக்காது."
நான் கேட்க நினைத்ததை
அவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்:
"குழந்தைக்கு இன்று எத்தனை நாள்?"
"இருபத்தாறு."
காலண்டரை அருகே இழுத்துக்கொண்டார்.

ஆறாவது வாரத்தில் எடுத்தார்கள். ஜூன் மாதம்.
எங்கள் ஊரில் அப்போது பத்து மணிக்கு விடியும்,
ஐந்தரைக்கு இருட்டும்.
சூரியன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.
சமையலறையில் நான்கு பல்பு, தொட்டில்மேல் இரண்டு.
கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு
ரூபென் எதுவும் சொல்லாமல் மடித்து வைத்தான்.

"கண்ணும் கருத்துமாய் வளர்க்கிறாய்" என்றாள்
படகுத்துறை டிக்கெட் கூண்டில் பக்கத்து நாற்காலி ஓல்கா.
கண் வந்துவிட்டது, ஓல்கா.
கருத்துதான் இனி வர வேண்டும்.

லென்ஸ் மாட்டுவது நகத்தளவு மீனைக்
கண்ணுக்குள் நழுவவிடுவது போல.
அதுகூடப் பழகிவிட்டது.
பழகாதது ஒட்டுத்துணி.
நல்ல கண்ணை மூட வேண்டும், தினமும் மூன்று மணி நேரம்.
நன்றாகப் பார்க்கும் கண்ணை.
என் கையால்.
அவள் அலறுவாள், பிய்ப்பாள், நான் மறுபடி ஒட்டுவேன்.
பசை பட்ட கன்னம் சிவந்து கிடக்கும்.
பக்கத்துச் சுவர் தட்டப்படும்.

எட்டாம் மாதத்தில் ஒரு மதியம்
என் பொறுமை தீர்ந்தது.
பெட்டியிலிருந்து இன்னொரு துணியை எடுத்து
என் வலக்கண்ணில் ஒட்டிக்கொண்டேன்.

நீரிணை போய்விட்டது.
எதிர்வீட்டின் சிவப்புத் தகரக் கூரை
சாயம் கரைந்த தண்ணீராய் ஆடியது.
இங்கேதானா இத்தனை நாள் இவளைத் தனியே தள்ளினேன்?
தரையில் உட்கார்ந்தேன்.
அழுகை நின்றிருந்தது.

ஆரஞ்சுப் பழத்தை உருட்டிவிட்டேன்.
எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை.
மேஜைக்காலைத் தடவினேன், கம்பளத்தைத் தடவினேன்.
அவள் தவழும் சத்தம்,
நேராக, நிற்காமல்.
பிறகு தோலில் நகம் பதியும் மணம்.

அந்தக் கண்ணாலா?
அந்தக் கண்ணாலேயேதான்.
நான் ஒருநாளும் போயிராத இடத்திலிருந்து
பழத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.
முழங்காலில் எழுந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.
மங்கலாய் ஒரு கை என்னை நோக்கி வந்தது,
தடவாமல், தவறாமல்,

தன்னுடையதை விட்டுவிட்டு
என் ஒட்டுத்துணியின் ஓரத்தைப் பிடித்தது.